பாலத்தில் எரிந்த விளக்கு

கருவியின் சின்னத் திரையில் மறுபடியும் அதே இரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்து நின்றன. லிங்க் எரர். தொடர்பு கிடைக்கவில்லையாம். உலகம்மாள் ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்த வாக்கிலேயே அதைப் படித்தாள், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தரம் படித்தாள், அதற்குள் மாறிவிடவா போகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டு நிமிர்ந்தாள், முதுகு பிடித்துக்கொண்டது. ஆயுசில் பாதிக்கு மேல் டெலிபோன் எக்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் உலகத்துக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளிடம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்து லைன் இல்லை என்று சொல்கிறது. கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை போடுவதுதானே ஆபரேட்டர் வேலை. பிளக்கை உருவினாள், மறுபடி செருகினாள். போர்ட்டிகோவில் வெயில் இன்னும் காரின் பின்பக்கத்தோடு நின்றது, பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது, உள்ளே அவள் கணவர் பிரமநாயகம் பேப்பரைச் சத்தமாகப் புரட்டுவது கேட்டது. அவர் இந்த டப்பாவைப் பிரஷர் பார்க்கிற மிஷின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று பார்சல் வந்தபோது அப்படித்தான் கேட்டார், அவளும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிரஷர் பார்க்கிறதுதான், ஆனால் வண்டிக்கு. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசி அதற்கு என்ன நோவு என்று எண்ணாகச் சொல்லுமாம், முன்னால் எரிந்த விளக்கு அணைந்துபோயிருந்தாலும் உள்ளே பதிவு இருக்குமாம், போனில் வீடியோ போட்ட பையன் சொன்னான். அந்தப் பதிவுதான் அவளுக்கு வேண்டும். உலகத்தில் காரை வைத்திருக்கிற எல்லாரும் வண்டிக்கு ஒன்றும் இருக்கக் கூடாதே என்று கும்பிடுவார்கள், அவள் ஒருத்திதான் என் வண்டிக்கு ஏதாவது இருக்க வேண்டுமே என்று கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வண்டிக்கு ஒன்றும் இல்லையென்றால் கோளாறு வேறு எங்கே என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கு எரிந்தது. வியாழக்கிழமை, ஜங்ஷனில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஆற்றுப் பாலத்தின் நடுவில், மஞ்சளாக, என்ஜின் படம் போட்ட அந்த விளக்கு எரிந்தது. எரிந்ததா. எரிந்தது, அவள் பார்த்தாள், பார்த்து, இது என்ன புதுசாக என்று நினைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷர் அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், "நான் ஆத்தைல்லா பாத்துக்கிட்டு வந்தேன்," என்கிறார். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆறு, அன்றைக்கென்று புதுசாக அதில் என்ன ஓடியதோ. பாலத்தை விட்டு இறங்கி வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் திரும்பும்போது வண்டி செத்துப்போனது. சத்தம் இல்லை, உதறல் இல்லை, பேசிக்கொண்டிருந்தவர் பாதிச் சொல்லில் நிறுத்துகிற மாதிரி நின்றது, பின்னால் பஸ் ஹாரனை அமுக்கியவன் கையை எடுக்கவே இல்லை. அப்போதுதான் அது நடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாவியைத் திருப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. கை வைப்பரைப் போட்டது. வெயில் கொளுத்துகிற நேரத்தில் வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடியது, அவள் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள், எதிரே பிரிகிற சாலைகளில் எது வீட்டுக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கணம், இரண்டு கணம் இருக்கும். டிராபிக் போலீஸ்காரர் வந்து, "வைப்பர ஆஃப் பண்ணுங்கம்மா மொதல்ல," என்றார், ஆட்டோக்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள், வேப்பமர நிழலில் கொஞ்ச நேரம் நின்ற பிறகு சாவியைத் திருப்பினால் வண்டி நல்ல பிள்ளையாகக் கிளம்பியது. மறுநாள் மெக்கானிக் செல்லத்துரை ஹைகிரவுண்ட் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "வண்டில ஒரு கோளாறும் இல்லக்கா. நீங்க கிளட்ச டப்புனு விட்டுருப்பீய." பாலத்தில் விளக்கு எரிந்ததே என்றாள். "வண்டி நின்னா எல்லா லைட்டுந்தாங்க்கா எரியும்." நிற்பதற்கு முன்னால் எரிந்தது என்றாள். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, இரக்கமும் இருந்தது, அந்த இரக்கத்தைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் ஆதிரை போன் செய்தாள். "போதும்மா, ஓட்டினதெல்லாம். அடுத்த வாரம் நான் வரேன். வண்டியை வித்துரலாம். அப்படியே ஒரு நரம்பு டாக்டரையும் பாத்துரலாம்." வண்டியையும் டாக்டரையும் ஒரே மூச்சில் சொன்னாள், ஒரே வேலையாக முடித்துவிடலாம் என்கிற மாதிரி.

நரம்பு டாக்டர் என்றதும் அவளைப் பெற்ற அம்மை ஞாபகம்தான். ஆதிரைக்கும் அந்த ஞாபகம்தான், அதைச் சொல்லாமல் டாக்டரை மட்டும் சொன்னாள். அம்மைக்கு மறதி ஆரம்பித்ததும் வழியில்தான். கோயிலுக்குப் போனவள் திரும்பும்போது ரெண்டு தெரு தள்ளி யார் வீட்டு வாசலிலோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள், அந்த வீட்டுக்காரர்கள் காப்பி போட்டுக் கொடுத்துக் கொண்டுவந்து விட்டார்கள், அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், அம்மைதான் அதிகமாகச் சிரித்தாள். அப்போது அம்மைக்கு என்ன வயது. உலகம்மாள் அந்தக் கணக்கைப் போடாமல் இருக்கப் பழகியிருந்தாள், இருந்தும் மனசு தானாகப் போட்டு விடையைக் கொண்டுவந்து நீட்டுகிறது. பிறகு ஒருநாள் எக்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு லைன் போட்டு, "நாந்தாம்மா, உலகு," என்றபோது, "உலகு ஆபீசுக்குப் போயிருக்கா, சாயந்தரம் பேசுங்க," என்று சொல்லி அம்மை போனை வைத்தாள். ஹெட்போனில் அந்தக் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது. கொரகொரப்பு இல்லை, இரைச்சல் இல்லை, அத்தனை நல்ல லைன் அந்த வாரத்தில் யாருக்கும் கிடைத்திருக்காது. வியாழக்கிழமையிலிருந்து பிரமநாயகம் காலையில் எழுந்ததும், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்கிறார். சும்மா கேட்கிற மாதிரி, பல் துலக்கிக்கொண்டே, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. தினசரி காலண்டரைக் கிழிக்கிறவரே அவர்தான். பண்டகசாலையில் எடைபோட்டுப் பழகிய மனுஷர், பெண்டாட்டியையும் நித்தம் ஒருதரம் தராசில் வைத்துப் பார்க்கிறார், முள் நேராக நின்றால் காப்பி குடிக்கப் போகிறார். அவளும் ஒன்றும் தெரியாதவளாகப் பதில் சொல்கிறாள். வெள்ளி என்றாள், சனி என்றாள். இன்று காலை அவர் கேட்பதற்கு முன்பே கண் விழித்துப் படுத்தபடி ஞாயிறு, ஞாயிறு என்று ரெண்டு தடவை சொல்லி வைத்துக்கொண்டாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. கேட்டால் சொல்ல வேண்டுமே. நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிப்பதற்குள் மறுபடி ஒருதரம் ஞாயிறு என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்.

சாவி. சாவியைப் போட்டு முதல் திருப்பம் திருப்ப வேண்டும், ஸ்டார்ட் ஆக்கக் கூடாது, வீடியோப் பையன் சொன்னான். திருப்பித்தானே இருக்கிறது, விளக்குகள் எல்லாம் எரிகின்றனவே. எரிகின்றன. அந்த மஞ்சள் விளக்கும் எரிகிறது, ஆனால் இப்போது எல்லாமாக எரிவதால் அது சாட்சிக்கு ஆகாது. அணைத்தாள், எண்ணி மூச்சு விட்டாள், திருப்பினாள். திரை வெளிச்சமானது, ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது, பாதி வந்தது, முக்கால் வந்தது, லிங்க் எரர். பழைய வண்டி, இந்தக் காலத்து மிஷினோடு அதற்குப் பேச வராதோ. ஆனால் பார்சலில் வந்த தாளில் இந்த வண்டியின் பெயர் இருக்கிறது, வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்தாள், கடைக்காரனிடம் எழுதியும் கேட்டாள். அப்படியானால் கோளாறு டப்பாவிலா, வண்டியிலா, நடுவிலா. எக்சேஞ்சில் முதல் வாரம் சொல்லிக் கொடுத்தது இதுதானே. இந்தப் பக்கம் பேசுகிறவர் இருக்கிறார், அந்தப் பக்கம் கேட்கிறவர் இருக்கிறார், சத்தம் போகவில்லை என்றால் நடுவில் பார். திரை எரிகிறது, அதனால் வண்டியிலிருந்து கரண்ட் வருகிறது. கரண்ட் வருகிறது, பேச்சு வரவில்லை. மணி அடிக்கிறது, குரல் இல்லை. மணி அடிக்கிறது, குரல் இல்லை என்று இதே வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவள் கை பிளக்கின் மேலேயே நின்றது. தூத்துக்குடி. தூத்துக்குடி ட்ரங்க் லைன், ஆயுத பூஜைக்கு மறுநாள். உப்புக் கம்பெனிக்காரர் கத்துகிறார், அந்தப் பக்கம் மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், ஒரு சொல் கேட்கவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் எல்லாரும் தூத்துக்குடிக்காரர்களைத் திட்டினார்கள். கடைசியில் என்ஜினியர் வந்து பேனலுக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, டார்ச்சை அடித்து, ஜாக் துளைக்குள் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "இதுக்குப் பொட்டு வச்ச புண்ணியவதி யாரு?" புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர் ஒருத்தி, பக்தியில், வரிசையாக எல்லாத் துளைக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்திருந்தாள். மற்றவையெல்லாம் மேலோடு காய்ந்து உதிர்ந்துவிட்டன, தூத்துக்குடி மட்டும் உள்ளே போய் அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சூப்பர்வைசர் சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுக்கும்போதே, "சட்டத்துல வைங்க, ஓட்டையில வைக்காதீங்க," என்பார். உலகம்மாளுக்கு அவர் வேட்டிக்கரைகூட ஞாபகம் இருந்தது.

பிளக்கை உருவிவிட்டு, சாவியை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, காரை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். தலையை ஸ்டீயரிங்குக்கு அடியில் நுழைத்து மேல்நோக்கிப் பார்த்தால்தான் அந்த சாக்கெட் தெரியும். தெரிந்தது. கறுப்பு சாக்கெட்டில் ரெண்டு வரிசைத் துளைகள், கீழ் வரிசையின் ஓரத்தில் மஞ்சளாக அடைத்து, அதன் மேல் மங்கலாகச் சிவப்பு. முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், வாய்விட்டுச் சிரித்தேவிட்டாள், தனியாக ஒரு பொம்பளை காருக்குள் தலையை விட்டுச் சிரிப்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்தால் ஆதிரை சொல்வது சரிதான் என்பார்கள். தேடிப்போன இடத்தில் தேடினது இருந்தது. மூளை வேலை செய்கிறது. எத்தனை வருஷத்துக்கு முந்திய தூத்துக்குடி லைனை அது அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டதே. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. இதை வைத்தது யார். இந்த வண்டிக்கு ஆயுத பூஜை செய்வது அவள்தான். கழுவுவது, மாலை போடுவது, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வைப்பது, சந்தனம் வைப்பது எல்லாம் அவள் கை. போன வருஷம் எங்கே வைத்தோம். ஸ்டீயரிங்கில், கியரில், பானட்டில். அது போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா. முந்தின வருஷம் மழை, மாலை நனைந்தது, அது தெரிகிறது. அதற்கும் முந்தி ஆதிரை வந்திருந்தாள், பூசணிக்காய் உடைத்துப் பாதிப் பூசணிக்காய் சாக்கடையில் விழுந்தது, அதுவும் தெரிகிறது. போன வருஷம். கையை நீட்டினால் அங்கே ஒன்றும் இல்லை. மாலை வாங்கினோமா, எந்தப் புடவை, பொரி கடலை யாருக்குக் கொடுத்தோம், ஒன்றும் இல்லை, பூ இல்லை, சந்தனம் இல்லை, அந்த நாளே இல்லை. உலகத்தில் துளைக்குள் சந்தனம் வைக்கக் கூடாது என்று தெரிந்த ஆள் அவள், அவளே குனிந்து, இத்தனை மறைவான இடத்தைத் தேடிப்போய், வைத்திருக்கிறாள், வைத்ததும் தெரியவில்லை. அப்படியானால் வியாழக்கிழமை ஆரம்பம் இல்லை. போன வருஷமே ஆரம்பித்துவிட்டது. அம்மை அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்த நாள்தான் முதல் நாள் என்று எல்லாரும் நினைத்தார்களே, அதற்கு முன்னால் யாரும் பார்க்காத முதல் நாள் ஒன்று இருந்திருக்கும். போர்ட்டிகோத் தரை சில்லென்று இருந்தது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, பல்லால் நுனியைக் கூராக்கி, அவள் துளையைக் குத்த ஆரம்பித்தாள். கொண்டை ஊசிதான் கைக்கு முதலில் வந்தது, இரும்பை உள்ளே விட்டால் வேறு எதையாவது தொட்டுப் புகைந்துவிடும் என்று வேண்டாமென்று வைத்தாள். இதெல்லாம் தெரிகிறது, அது மட்டும் தெரியவில்லை. மஞ்சள் தூள் கன்னத்தில் உதிர்ந்தது, சந்தன வாசனை இன்னும் மிச்சம் இருந்தது, கண்ணில் ஏதோ விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டாள். கண்ணில் ஒன்றும் விழவில்லை, அழுகைதான்.

செருப்புச் சத்தம் கேட்டது. பிரமநாயகம் காப்பித் தம்ளரோடு வந்து நின்றார், அவர் கால் மட்டும் தெரிந்தது. "தரையில உக்காந்து என்ன பண்ணுதே? பிரஷர் பாக்கத்தான போனே." அவள் தலையை வெளியே எடுக்கவில்லை. முகம் அவருக்குத் தெரியக் கூடாது. "இதுல சந்தனம் அடச்சிருக்கு. குத்தி எடுக்கேன்." தம்ளரை பானட்டின் மேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "அடியில அந்தக் கறுப்பு பொட்டி மாதிரி இருக்கே, அதுலயா?" அவள் ஈர்க்கை நிறுத்தினாள். அது அங்கே இருப்பது இவருக்கு எப்படித் தெரியும். "அதுல நாந்தாம்லா வச்சேன்," என்றார் பிரமநாயகம், பூஜையைக் குறை சொல்லிவிட்டார்களே என்கிற குரலில். "போன வருசம் உனக்குக் காய்ச்சல்லா. எந்திரிக்கவே முடியாம கெடந்தே. நீ வருசா வருசம் செய்யுதது விட்டுப்போகக் கூடாதேன்னு நானே எல்லாத்துக்கும் வச்சேன். எது எதுன்னு எனக்கு என்ன தெரியும், கண்ணுல பட்டதுக்கெல்லாம் ஒரு பொட்டு. சீட்டுக்கு அடியிலகூட ஒண்ணு இருக்கும் பாரு."

காய்ச்சல். கஞ்சி, மிளகு ரசம், தலைமாட்டில் ஈரத்துணி, ஜன்னல் வழியாக வெளியே யாரோ பூஜை மணி அடிக்கிற சத்தம், அது எந்த வீட்டு மணி என்று நினைத்தபடியே தூங்கிப்போனது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. இல்லாத ஞாபகத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும். அவள் செய்யவே இல்லை, அதனால் அவளிடம் இல்லை. அந்த நாள் அவளுக்குக் காய்ச்சலாக இருந்தது, காய்ச்சலை அவள் மறக்கவில்லை. உலகம்மாள் தலையை வெளியே எடுத்தாள். கன்னத்தில் சந்தனமும் கண்ணீருமாக அவளைப் பார்த்துப் பிரமநாயகம் பயந்துபோனார். "எதுக்கு அழுதே? ஒரு பொட்டு வச்சதுக்கா? கழுவிருவோம்." அவள் அவர் தோளில் நெற்றியை வைத்தாள். தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள், போகட்டும். மனசு லேசானது என்று எழுதுவார்களே, அவளுக்கு உடம்பு லேசானது, பசித்தது, பக்கத்து வீட்டுக் கறி வாசனை இப்போதுதான் நன்றாக ஏறியது. "காப்பிய எடுங்க, ஆறிரும்," என்றாள். பாதிக் காப்பியைக் குடித்துவிட்டு மிச்சத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, துளையை ஊதிவிட்டு, பிளக்கைச் செருகி, சாவியைத் திருப்பினாள்.

கோடு நகர்ந்தது. பாதி வந்தது. முக்கால் வந்தது. அங்கே ஒரு கணம் நின்றது, அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், திரும்பிப் பார்த்தபோது லைன் கிடைத்திருந்தது. பதிவில் ஒன்று, என்றது. பி, சைபர், மூன்று, மூன்று, ஐந்து. போனில் தட்டிப் பார்த்தாள், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தாள், பிறகு பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துவிட்ட பிரமநாயகத்துக்கும் படித்துச் சொன்னாள். என்ஜின் சுற்றும்போது இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற சென்சார் ஒன்று உண்டாம். பழசானால், சூடு ஏறினால், அது சொல்வதை நிறுத்திவிடுமாம். தான் எங்கே இருக்கிறோம் என்று என்ஜினுக்குத் தெரியாமல் போகுமாம், உடனே நின்றுவிடுமாம், சூடு ஆறினால் ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி ஓடுமாம். அந்த சென்சார் மட்டும் புதிதாகப் போட்டால் போதுமாம். "அப்பொ பாலத்துல லைட்டு எரிஞ்சது நெசந்தானா," என்றார் பிரமநாயகம். "நெசந்தான். நீங்க ஆத்தப் பாத்துக்கிட்டு இருந்தீய." அவளுக்கு அந்த வண்டியின் மேல் இரக்கமாக வந்தது. நடு ரவுண்டானாவில், அத்தனை ஹாரனுக்கு நடுவில், ரெண்டு பேரும் சேர்ந்துதான் வழி தெரியாமல் நின்றிருக்கிறார்கள். அதற்குச் சூடு, இவளுக்குப் பயம். பயந்தால் யாருக்கும் கை வைப்பரில்தான் போகும். "நானும் பயந்துட்டேன், பாத்துக்க," என்றார் பிரமநாயகம், டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு. "ஒங்கம்மைய நெனச்சுட்டேன்." அவள் அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கி அடியில் கிடந்த ஒரு மடக்கையும் குடித்தாள்.

டப்பாவின் திரை அடுத்த கேள்வியைக் கேட்டது. பதிவை அழித்துவிடலாமா, ஆம், இல்லை.

"அழிச்சிரு. கோளாறுன்னு ஒண்ணு எதுக்கு அதுல கெடக்கணும்," என்றார் அவர்.

உலகம்மாள் இல்லை என்ற பொத்தானை அமுக்கினாள். "கெடக்கட்டும். செல்லத்துரை பாக்கட்டும். ஆதிரை வந்து பாக்கட்டும். அதுக்கப்புறம் அழிச்சுக்கலாம்." சொல்லிவிட்டு அந்த எண்ணை இன்னொரு தரம் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்பக் கேளுங்க."

"எத?"

"மூணு நாளாப் பல்லு வெளக்கிக்கிட்டே கேப்பீயளே, அத."

பிரமநாயகம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தார், அந்தப் பக்கம் கார்க் கண்ணாடியில் அவர் முகமே இருந்தது. காதுவரைக்கும் சிவந்துபோய், கடைசியில் அவளைப் பார்த்தே கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழம?"

"ஞாயித்துக்கிழம," என்றாள் உலகம்மாள். "காலண்டர நீங்க இன்னும் கிழிக்கல. சனிக்கிழமையே தொங்குது, போய்ப் பாருங்க."